முன் சக்கர வீல் பேரிங்: வீட்டில் எதுவரை, பிரஸ்ஸில் எதுவரை

(திரை கறுப்பு. ஓடும் காருக்குள் பதிவு செய்த சத்தம் மட்டும். நாற்பதில் மெல்லிய "ஊம்". எழுபதில் அதுவே தடிக்கிறது.)

குரல்: பாட்டை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டால் இப்படித்தான் இருக்கும். வேகம் ஏற ஏறக் கூடுகிறது. நியூட்ரலில் தள்ளிப் பார்த்தாலும் குறையவில்லை, அப்படியானால் எஞ்சின் இல்லை. மிச்சம் இருப்பது இரண்டு: டயர் அல்லது வீல் பேரிங், அதாவது சக்கரத்தை உராய்வில்லாமல் சுழலவிடும் குண்டு வளையம்.

டயர் சத்தம் ரோட்டுக்கு ரோடு மாறும். சிமெண்ட் ரோட்டில் ஒரு மாதிரி, புதிதாகப் போட்ட தார் ரோட்டில் வேறு மாதிரி. பேரிங் அந்த வித்தியாசம் பார்க்காது. காலியான ரோட்டில் நீளமான வளைவு கிடைத்தால் இன்னொன்றும் கவனியுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது காரின் எடை வலப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங்கை முதலில் பாருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பிப் பொருள் வாங்கிவிடாதீர்கள். சத்தம் பாடி வழியாக ஊர்ந்து எங்கிருந்தோ வருகிற மாதிரி ஏமாற்றும்.

(காட்சி: முன்பக்கம் ஜாக்கியில், கீழே ஸ்டாண்ட். ஒரு கை சக்கரத்தைச் சுற்ற, இன்னொரு கை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல்.)

குரல்: உறுதி செய்வது இங்கேதான். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, ஸ்பிரிங்கை விரலால் தொடுங்கள். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு எதுவும் தெரியாது. போன பேரிங் என்றால் மணலை அரைக்கிற நறநறப்பு ஸ்பிரிங்கில் ஏறி வரும். அப்புறம் டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் அது பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் பால் ஜாயின்ட் (சஸ்பென்ஷனின் குண்டு மூட்டு) பக்கம் போங்கள், இந்த வீடியோ உங்களுக்கு வேண்டாம்.

(காட்சி: பாதியாக அறுத்த ஒரு பேரிங், மேஜை மேல்.)

குரல்: கழற்றுவதற்கு முன் இதை ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம். ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி முன்சக்கர டிரைவ் சிறிய கார்களில் பேரிங் நக்கிளுக்குள், அதாவது சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கட்டைக்குள், இறுக்கமாக அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். வெளிவளையம் நக்கிளைப் பிடித்திருக்கிறது. உள்வளையம், சக்கரம் மாட்டும் ஹப்பைப் பிடித்திருக்கிறது. நடுவே இரண்டு வரிசை எஃகுக் குண்டுகள்.

உள்வளையம் ஒற்றைத் துண்டாக இல்லை, பாருங்கள். இரண்டு பாதிகள். ஹப்பின் நடுவே ஆக்சில் முனையில் இருக்கும் பெரிய நட்டை, அதாவது ஆக்சில் நட்டை, இறுக்கும்போதுதான் இந்த இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று முட்டி அழுந்தி நிற்கின்றன. குண்டுகளுக்கு எவ்வளவு இடைவெளி என்பது அங்கேதான் முடிவாகிறது. நட்டு தளர்ந்த நிலையில் காரை நாலு அடி தள்ளினால்கூட மொத்த எடையும் தவறான இடத்தில் விழும். புதுப் பேரிங் அந்த நாலு அடியிலேயே கெட்டுப்போகலாம்.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம். பேரிங்கை நக்கிளில் ஏற்றும்போது அழுத்தம் வெளிவளையத்தில் மட்டும் விழ வேண்டும். பிறகு ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்குப் பின்னால் முட்டு கொடுத்திருக்க வேண்டும். இது மாறிவிட்டால் டன் கணக்கான அழுத்தம் குண்டுகள் வழியாகக் கடந்து போகும். குண்டு ஒவ்வொன்றும் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளம் பதிக்கும். மாட்டிய அன்றைக்கு அமைதியாக ஓடும். கொஞ்ச நாளில் அதே "ஊம்". உடனே பேரிங் டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். சுத்தியலால் தட்டி ஏற்றுவதிலும் இதே கதைதான். அதனால் நக்கிளைக் கழற்றுவது வீட்டில், அழுத்துவது லேத் பட்டறையில் இருக்கும் பிரஸ்ஸில் (டன் கணக்கில் அழுத்தும் இயந்திரம்), திரும்ப மாட்டுவது வீட்டில்.

சில கார்களில் பேரிங்கும் ஹப்பும் சேர்ந்த ஒரே யூனிட்டாக வரும், மூன்று நான்கு போல்ட்டில் நிற்கும். அது உங்களுடையது என்றால் பிரஸ்ஸே தேவையில்லை. போல்ட்டைக் கழற்று, மாட்டு, முடிந்தது.

(காட்சி: கார் தரையில். வீல் கேப் எடுத்தபின் ஆக்சில் நட்டின் அருகாமை.)

குரல்: கார் தரையில் நிற்கும்போதே ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள். நட்டின் விளிம்பு ஆக்சிலின் பள்ளத்துக்குள் மடித்து அடிக்கப்பட்டிருக்கும். மெல்லிய உளியால் அந்த மடிப்பை நிமிர்த்துங்கள், மரை மேல் படாமல். ஒருவர் பிரேக்கை மிதிக்க, 30 அல்லது 32 எம்எம் சாக்கெட்டில் நீளக் குழாய் செருகி, ஒரு சுற்று விட்டால் போதும். பிறகு காரை உருட்டக்கூடாது. ஏன் என்று மேலே பார்த்தோம்.

பின்சக்கரங்களுக்குக் கட்டை, ஜாக்கி, ஸ்டாண்ட். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்கவையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள், இதில் பேச்சே இல்லை.

(காட்சி: வேகமாக ஓடும் படம். காலிப்பர், டிஸ்க், டை ராட், ஸ்ட்ரட் போல்ட்.)

குரல்: ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சென்சார் இருந்தால் முதலில் அதைக் கழற்றி ஓரமாகக் கட்டிவிடுங்கள். துருவில் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், எண்ணெய் விட்டுப் பொறுங்கள். பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் ஸ்பிரிங்கில் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. டிஸ்க் வராமல் அடம்பிடித்தால் அதிலேயே இரண்டு மரை ஓட்டைகள் இருக்கிறதா பாருங்கள். சுசூகி கார்களில் இருக்கும். அதில் 8 எம்எம் போல்ட் இரண்டைப் போட்டு மாறி மாறி இறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே வரும்.

ஸ்டீயரிங்கை நக்கிளோடு இணைக்கும் டை ராட் எண்ட், புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) இல்லாமலும் வரும். நட்டை முனைவரை தளர்த்தி, அந்த முனையில் அடிக்காமல், அது உட்கார்ந்திருக்கும் நக்கிளின் காதில் பக்கவாட்டில் ஓங்கி அடியுங்கள். இரண்டு மூன்று அடியில் "டக்" என்று விடும். ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) நக்கிளோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டையும் எடுப்பதற்கு முன் நக்கிள் எங்கே உட்கார்ந்திருந்தது என்று பெயின்ட்டில் கோடு போடுங்கள். கீழ் பால் ஜாயின்ட் போல்ட்டை முழுதாக வெளியே இழுத்தால்தான் ஜாயின்ட் இறங்கும், தளர்த்தினால் போதாது.

நக்கிளை வெளியே இழுக்கும்போது டிரைவ் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு வரும் ஆக்சில் தண்டு) கூடவே வரப் பார்க்கும். விடாதீர்கள். கியர்பாக்ஸ் பக்க ஜாயின்ட் உள்ளுக்குள்ளேயே கழன்றுவிட்டால் அது தனி வேலை. ஆக்சில் முனையை ரப்பர் சுத்தியலால் உள்ளே தட்டிவிட்டு, ஷாஃப்ட்டைக் கயிற்றில் கட்டுங்கள்.

(காட்சி: லேத் பட்டறை. ஹைட்ராலிக் பிரஸ்ஸில் நக்கிள்.)

குரல்: பழைய ஹப் வெளியே வரும்போது பேரிங்கின் உள்வளையப் பாதி ஒன்று ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அது வழக்கம்தான், பயப்பட வேண்டாம். புல்லர் போட்டு எடுக்கலாம், அல்லது கிரைண்டரால் வளையத்தில் மட்டும் கீறி உளியால் பிளக்கலாம். ஹப்பைத் தொடாமல் செய்யத் தெரிந்தவர் செய்யட்டும். அந்த இடத்தில் சூட்டினால் நீலம் பாய்ந்திருந்தாலோ, விரல் நகத்தில் சிக்குகிற கோடு இருந்தாலோ ஹப்பையும் புதிதாகப் போடுங்கள். தேய்ந்த ஹப்பில் புதுப் பேரிங் நிற்காது.

பட்டறையில் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். பேரிங்கை நழுவாமல் பிடிக்கும் சர்க்ளிப்பை எடுத்தார்களா, ஓட்டைக்குள் துருவை எமரியால் தேய்த்தார்களா, அழுத்தும் வளையம் வெளிவளையத்தில் மட்டும் உட்கார்கிறதா, ஹப் ஏறும்போது பின்னால் உள்வளையத்துக்கு முட்டு இருக்கிறதா. கேட்டால் நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். பல மாடல்களில் அதன் காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே இருக்கும். பார்க்கச் சாதாரண கறுப்பு ரப்பர் மாதிரிதான். சின்ன குண்டூசியைக் கிட்டே கொண்டுபோனால் மெல்ல இழுக்கும், அதுதான் அந்தப் பக்கம். சென்சார் இருக்கும் பக்கம் அது வர வேண்டும். திருப்பிப் போட்டால் கார் ஓடும், ஏபிஎஸ் விளக்கு அணையாது, மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான். லேத் தரை முழுக்க இரும்புத் தூள் என்பதால் அழுத்தும் நிமிடம் வரை பேரிங்கைக் கவரிலிருந்து எடுக்காதீர்கள்.

பேரிங் வாங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் ஒரே எண்ணுக்கு மூன்று விலை சொல்வார்கள். பெட்டியில் அச்சிட்ட பெயரைவிட பில் கொடுக்கிற கடை முக்கியம். எஸ்கேஎஃப் வாங்கினால் அசலா என்று போட்டோ அனுப்பிச் சரிபார்க்க அந்தக் கம்பெனியின் ஆப் இருக்கிறது, பயன்படுத்துங்கள். ஒரு பக்கம் போனால் மறுபக்கத்தையும் மாற்றச் சொல்வார்கள். சத்தமில்லாத பேரிங்கை நான் தொடமாட்டேன்.

(காட்சி: டார்க் ரெஞ்ச், அதாவது இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர். புது ஆக்சில் நட்.)

குரல்: கழற்றிய வரிசைக்குத் தலைகீழாக மாட்டுங்கள். ஸ்ட்ரட்டில் போட்ட கோடு பொருந்துகிறதா பாருங்கள். ஆக்சில் நட்டு புதியது, பழையதை மறுபடி போடக்கூடாது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு உங்கள் காரின் வொர்க்‌ஷாப் மேனுவலில் இருக்கும். சிறிய கார்களில் 200 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். ஒரு மீட்டர் குழாயின் நுனியில் இருபது கிலோ தொங்கவிட்ட அளவு அது. காற்றுத் துப்பாக்கியால் படபடவென்று முடித்துவிடாதீர்கள், குண்டுகளின் இடைவெளியை முடிவு செய்வதே இந்த நட்டுதான். ஜாக்கியில் இருக்கும்போதே பிரேக்கை மிதிக்கவைத்து முழு அளவுக்கும் இறுக்கி, விளிம்பைப் பள்ளத்தில் மடித்து அடித்த பிறகே காரை இறக்குங்கள்.

வண்டியை எடுப்பதற்கு முன் பிரேக் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். காலிப்பர் பிஸ்டன் பின்னால் போயிருக்கும், முதல் மிதி தரைவரை போய்விடும்.

பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து இரண்டு பக்க ஹப்பின் நடுவிலும் கையைக் கிட்டே கொண்டுபோங்கள். சூடு ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் சரி. மாற்றிய பக்கம் மட்டும் சுட்டால் நிறுத்திப் பாருங்கள். அதே வாரத்தில் அலைன்மென்ட். இதற்கெல்லாம் பிறகும் அந்த "ஊம்" கேட்கிறதென்றால், முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தமும் பின்பக்கம் போனால் அது டயர்.