புது வீட்டுத் தோட்டம்: களை எடுக்காமல் பரிசுச் செடியை நடாதீர்கள்

வணக்கம். புது வீட்டுக்குக் குடிவந்தாயிற்று. பின்பக்கம் முழங்கால் உயரத்துக்குக் களை. வாசலில், வீடு பார்க்க வந்தவர்கள் அன்பாகக் கொடுத்துவிட்டுப் போன செடிகள். அவற்றை இன்றைக்கே மண்ணில் வைத்துவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். நாலைந்து வாரம் தொட்டியிலேயே இருந்தால் அந்தச் செடிகளுக்கு ஒன்றும் ஆகாது. அதற்குள் மண்ணைச் சரிசெய்துவிடலாம்.

[காட்சி: களை மண்டிய நிலம், மெதுவாக நெருங்கும் கேமரா]

எல்லாக் களையையும் ஒரே மாதிரி பிடுங்கினால் வேலைக்கு ஆகாது. பார்த்தீனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது விதையால் மட்டுமே பரவுகிறது. ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். அதனால் அந்தச் சின்ன வெள்ளைப் பூக்கள் வருவதற்கு முன்பே வேரோடு எடுத்துவிட வேண்டும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். பட்டால் தோல் அரிக்கும், சிலருக்கு மூச்சிரைப்பும் வரும். பூத்துவிட்ட செடியை உதறாமல் பையில் போட்டுக் கட்டுங்கள். உரக்குழிக்குள் போகவே கூடாது.

கோரை இப்படி இல்லை. உண்மையான எதிரி இதுதான்.

[காட்சி: விரல்களுக்கு நடுவே ஒரு தண்டு]

பார்க்கப் புல் மாதிரிதான் இருக்கும். பூக்கொத்தைத் தாங்கும் தண்டைக் கிள்ளி, விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். உருளாது, மூன்று விளிம்பு தட்டுப்படும். இப்போது அடியில் மெதுவாகத் தோண்டுங்கள். கருப்பாக ஒரு சின்னக் கிழங்கு. அதிலிருந்து கம்பி மாதிரி ஒரு தண்டு ஓடி, அடுத்த கிழங்கு. அங்கிருந்து இன்னொன்று. மேலே பிடித்து இழுத்தால் அந்தக் கம்பி அறுந்துபோகும், கிழங்கெல்லாம் மண்ணிலேயே தங்கிவிடும். அதோடு, இதுவரை தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகளும் முளைக்க ஆரம்பிக்கும். பிடுங்கப் பிடுங்க அதிகமாகிறதே என்று பலர் சொல்வது இதனால்தான்.

முதலில் மண்ணை நன்றாக நனைத்து, ஒரு சாண் ஆழம் வரை கிளறி, கிழங்கோடு பொறுக்குங்கள். மிஞ்சியது திரும்ப முளைக்கத்தான் செய்யும். முளைத்த இரண்டு மூன்று வாரத்துக்குள், அது புதுக் கிழங்கு வைப்பதற்கு முன்னால், மறுபடி எடுத்துவிடுங்கள். விடாமல் இதைச் செய்தால் கிழங்கில் உள்ள சேமிப்பு தீர்ந்துபோகும். கருப்பு பிளாஸ்டிக் ஷீட்டை நம்பாதீர்கள். கோரையின் கூரான முளை அதையும் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அருகம்புல் இருந்தால் மண்வெட்டியால் கொத்திப் போடாதீர்கள். கணு உள்ள ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகிவிடும்.

பாத்தி சுத்தமானதும் எதையும் நடாமல் தண்ணீர் மட்டும் விடுங்கள். மேல்மண்ணில் இருக்கும் களை விதைகள் முளைத்து வரும். சின்னதாக இருக்கும்போதே களைக்கொத்தால் மேலோட்டமாகச் சீவிவிடுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் கிடக்கும் விதைகள் வெளிச்சத்துக்கு வந்துவிடும், பட்ட பாடெல்லாம் வீண். இப்படி இரண்டு முறை செய்துவிட்டு நட்டுப் பாருங்கள், அப்புறம் களையெடுப்பது எவ்வளவு சுலபம் என்று தெரியும். களைக்கொல்லி அடிக்கலாமா என்று கேட்பீர்கள். வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டாம் என்பேன். காற்றில் சாரல் பட்டால் நல்ல செடியும் கருகிவிடும்.

[காட்சி: பரிசுச் செடிகள் இருக்கும் தொட்டிகள்]

சரி, இப்போது பரிசுச் செடிகள். கொடுத்தவரிடம் கேட்க வேண்டியது முக்கியமாக ஒன்று: "இது உங்கள் வீட்டில் எவ்வளவு பரவியிருக்கிறது?" ஒருவர் தாராளமாகக் கொடுக்கிறார் என்றால், அந்தச் செடி அவரிடம் தேவைக்கு மேல் பெருகியிருக்கலாம். புதினா அப்படித்தான், தொட்டியிலேயே வளர்ப்பது நல்லது. உண்ணிச்செடி என்றால் நடுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

எந்தச் செடியானாலும் வீட்டில் உள்ள மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. ஈரத்துணியால் துடைத்து, சோப்புக் கரைசல் தெளித்து, அது முழுக்கப் போன பிறகு நடலாம். வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அது மண்ணுக்குள் வந்தால் மற்றச் செடிகளையும் பிடிக்கும். கொடுத்தவர் மனம் நோகுமே என்று பார்க்காதீர்கள், தரையில் நடவே வேண்டாம். அவரை, பயறு, உளுந்து வேரில் இருக்கும் குமிழ்கள் வேறு. அவை நல்லவை, லேசாகத் தேய்த்தாலே உதிர்ந்துவிடும்.

பலர் கவனிக்காமல் விடுவது தொட்டி மண்ணை. பாடுபட்டு விரட்டிய கோரை, பரிசாக வந்த மண்ணோடு திரும்ப வந்துவிடும். நடும்போது மேல்மண்ணில் ஓர் அங்குலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, வேர்ப்பந்தில் கிழங்கு தெரிகிறதா என்று பாருங்கள். மாலை வெயில் தாழ்ந்த பிறகு, தொட்டியில் இருந்த அதே ஆழத்தில் நட்டு, நிறையத் தண்ணீர் விடுங்கள். மேலே மூன்று அங்குலத்துக்குக் காய்ந்த இலையைப் பரப்புங்கள், இலை தண்டில் மட்டும் படக் கூடாது, பட்டால் தண்டு அழுகிவிடும். அடுத்த சில வாரங்களுக்கு அந்த இலைகளை அவ்வப்போது விலக்கிப் பாருங்கள். கோரை தலைகாட்டினால், அது ஒற்றை முளையாக இருக்கும்போதே கிழங்கோடு எடுத்துவிடலாம்.