செபாவைத் தேள் கொட்டிய நாள்

எல்லோருக்கும் வணக்கம். பாரோக்கள் காலத்து எகிப்தின் கலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எகிப்து என்றதுமே உங்கள் மனதில் வந்து நிற்பது அந்தத் தங்க முகமூடியாகத்தான் இருக்கும். துட்டன்காமன் என்ற இளம் அரசருடையது, 54 சென்டிமீட்டர் உயரம், பத்து கிலோவுக்கு மேல் எடை. 1922 நவம்பரில் அகழாய்வாளர் ஹாவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த அந்தக் கல்லறையில் 5,398 பொருட்கள் இருந்தன, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் குறித்து வெளியே கொண்டுவரப் பத்து வருடம் பிடித்தது. அங்கேயும் போவோம். ஆனால் அதற்கு முன்னால் உங்களை வேறொரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஆசைப்படுகிறேன்.

லக்சர் நகரத்துக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், அரசர்களின் பள்ளத்தாக்குக்குப் போகும் மலைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர் இருந்தது. இன்றைய பெயர் டெய்ர் எல்-மதீனா. சுற்றுச்சுவருக்குள் ஏறக்குறைய 68 வீடுகள், நடுவே ஒரு குறுகலான தெரு, அவ்வளவுதான். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்தவர்களும், சுவரில் காரை பூசியவர்களும், வரைந்தவர்களும், செதுக்கியவர்களும் தங்கள் மனைவி மக்களோடு ஏறத்தாழ நானூறு வருடம் தலைமுறை தலைமுறையாக இங்கேதான் இருந்தார்கள்.

இந்த ஊர் ஏன் முக்கியம் என்றால், இங்கே நிறையப் பேருக்கு எழுதத் தெரியும். நாணலில் செய்யும் பாப்பிரஸ் தாள் விலை அதிகம், ஆனால் கல்லறை வெட்டும்போது உதிர்கிற சுண்ணாம்புக்கல் சில்லுகளுக்கு யாரும் காசு கேட்கப் போவதில்லை, அதனால் கணக்கு, கடிதம், கடன், சண்டை, வழக்கு எல்லாவற்றையும் அந்தச் சில்லுகளில் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். 1922 முதல் 1951 வரை இங்கே தோண்டிய பிரெஞ்சு அறிஞர் பெர்னார்ட் ப்ரூயேருக்கு ஆயிரக்கணக்கில் அவை கிடைத்தன.

அதில் ஒன்று இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் ராம்சேஸ் ஆட்சியின் 40ஆம் ஆண்டு, 40 தொழிலாளர்கள், 280 நாள். வேறொன்றுமில்லை, வருகைப் பதிவேடு! ஓரத்தில் ஆள் பெயர், பக்கத்தில் வராத நாள், அதற்கு மேலே சிவப்பு மையில் காரணம். ஒருவருக்குக் கண் நோவு. ஒருவர் வீட்டில் பீர் காய்ச்ச வேண்டியிருந்தது. ஒருவர் அம்மாவை அடக்கம் செய்யப் போனார். சிலருக்கு வீட்டுப் பெண்களின் மாதவிலக்கு என்று எழுதியிருக்கிறது. செபா என்ற ஒருவரைத் தேள் கொட்டிவிட்டது. முதல் தடவை இதைப் படித்தபோது நான் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். மூவாயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு மனிதர் என்றைக்கு வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்பது நமக்குத் தெரிகிறது. அவரும் அவர் கூட்டாளிகளும் வேலை பார்த்த கல்லறைக்குரிய ராம்சேஸை உலகமே அறியும். (அந்த ராம்சேஸின் பதப்படுத்திய உடலில் மூக்குக்குள் மிளகு அடைத்திருந்தார்கள், மிளகு நம் பக்கத்து மலபார் மலைகளில் விளைவது. இதைச் சொல்லாமல் என்னால் கடந்துபோக முடியவில்லை.)

சரி, வேலை எப்படி நடந்தது? இதைச் சொல்லித்தர நமக்கு ஒரு நல்ல ஆசிரியர் இருக்கிறார், அது ஹோரெம்ஹெப் அரசரின் கல்லறை. பாதியிலேயே நின்றுபோன வேலை அது, அதனால் ஒவ்வொரு கட்டமும் அப்படியே சுவரில் தெரிகிறது. முதலில் சுவரைச் சமன் செய்வார்கள். அப்புறம் செங்காவியில் நனைத்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டுக் கட்டம் போடுவார்கள். நிற்கிற ஆள் என்றால் உள்ளங்காலிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை 18 கட்டம். அந்த அளவுக்குள் ஒருவர் சிவப்பில் உருவம் வரைவார். பிறகு கைதேர்ந்த ஒருவர் வந்து கறுப்புக் கோட்டால் திருத்துவார். ஹோரெம்ஹெப் சுவரில் அந்தத் திருத்தங்களை இன்றும் பார்க்கலாம், தோள் கொஞ்சம் இறங்குகிறது, கை கொஞ்சம் நகர்கிறது. அதன் பிறகுதான் உளி, கடைசியில் வண்ணம்.

வண்ணங்களில் பெரும்பாலானவை மண்ணும் கல்லும்தான். சிவப்புக் காவி, மஞ்சள் காவி, கரி. நீலம் மட்டும் தனிக் கதை. மணல், சுண்ணாம்பு, செம்பு, நேட்ரான் உப்பு இவற்றைச் சேர்த்து 900 டிகிரிக்கு அருகே மணிக்கணக்கில் சூளையில் வைத்து எடுத்தார்கள், மனிதர்கள் செயற்கையாகச் செய்த மிகப் பழைய நிறங்களில் ஒன்று அது.

பக்கவாட்டு முகம், நேராகப் பார்க்கும் கண், நேரான தோள்கள், மறுபடி பக்கவாட்டுக் கால். எகிப்தியர்களுக்கு ஒழுங்காக வரையத் தெரியவில்லை என்று இதைப் பார்த்துச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் கோபம் வரும். அவர்களுக்குத் தெரியும். இதே ஊர்க்காரர்கள் கற்சில்லில் விளையாட்டாக வரைந்த படங்களைப் பாருங்கள், பின்பக்கமாக வில்லாய் வளையும் ஒரு நடனக்காரி, எலிச் சீமாட்டிக்குப் பணிவிடை செய்யும் பூனை, கையில் என்ன உயிரோட்டம்! கல்லறைச் சுவர் வேறு. அங்கே படம் பார்ப்பதற்காக அல்ல, செயல்படுவதற்காக. வரைந்த ரொட்டி இறந்தவருக்கு உணவாக வேண்டும், வரைந்த உடல் அவருக்கு உடலாக வேண்டும், எனவே ஒவ்வொரு உறுப்பும் எந்தக் கோணத்தில் முழுமையாகத் தெரியுமோ அந்தக் கோணத்தில் வந்தாக வேண்டும். சில பழைய பிரமிடுகளுக்குள் எழுத்துகளில் வரும் ஆபத்தான விலங்குகளைக்கூட அரைகுறையாக வெட்டி வைத்திருக்கிறார்கள், உள்ளே இருப்பவரைத் தாக்கிவிடக் கூடாதே என்று. சிற்பியைக் குறிக்க அவர்கள் வைத்திருந்த ஒரு சொல்லுக்கே ‘உயிர் கொடுப்பவன்’ என்று பொருள்.

இதை இன்னொரு தடவை யோசித்துப் பாருங்கள். விளக்குத் திரிகளை எண்ணிக் கொடுத்து, அந்த வெளிச்சத்தில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வேலை செய்து, முடிந்ததும் அரசரை உள்ளே வைத்துக் கதவுக்கு முத்திரை. மனிதக் கண் மறுபடி அதைப் பார்க்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. அப்படியிருந்தும் அந்தக் கறுப்புக் கோட்டுத் திருத்தங்கள்.

துட்டன்காமன் கல்லறையில் வேறு மாதிரி. அவர் ஏறக்குறைய 19 வயதில் திடீரென்று இறந்துபோக, அவசர அவசரமாக எல்லாம் நடந்திருக்கிறது. சுவர் ஓவியங்கள் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். நுண்ணுயிர்கள் விட்டுப்போன தடம் அது, இப்போது வளர்வதில்லை. காரையும் வண்ணமும் காயும் முன்பே மூடியிருப்பார்கள் என்பதுதான் பொருத்தமான விளக்கம். தங்கத்தைப் பார்க்க வருபவர்கள் இந்தப் புள்ளிகளையும் பார்க்க வேண்டும், அதில் அந்த வேலையாட்களின் மூச்சிரைப்பு இருக்கிறது.

செய்தவர்கள் பெயர் தெரியாதவர்கள் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இர்டிசென் என்ற கலைஞர், கி.மு. 2000க்கும் முன்னால், தனக்கு நினைவுக்கல் வைத்து அதில் பெருமையோடு சொல்கிறார்: ஆண் நடக்கும் விதமும் பெண் நடக்கும் விதமும் தனக்குத் தெரியுமாம், நீர்யானையை எறியீட்டியால் குத்த ஓங்கும் கையை வரையத் தெரியுமாம், இந்த ரகசியங்களைத் தனக்கும் தன் மூத்த மகனுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரிய விடமாட்டாராம். இன்று பெர்லினில் இருக்கும் அரசி நெபர்டீட்டியின் தலைச்சிலை, 1912 டிசம்பரில் எகிப்தின் அமர்னா என்ற இடத்தில் ஒரு சிற்பியின் பட்டறையில் கிடைத்தது. அவர் பெயர் துத்மோஸ். அந்தப் பெயர் எப்படிக் கிடைத்தது? அந்த வளாகத்தின் குப்பைக் குழியில் கிடந்த, குதிரையின் கண்ணை மறைக்கும் தந்தப் பட்டை ஒன்றில் எழுதியிருந்தது. அது மட்டும் மக்கிப்போயிருந்தால் உலகின் புகழ்பெற்ற அந்த முகத்துக்குச் சிற்பி இல்லை.

டெய்ர் எல்-மதீனா ஊர்க்காரர்களுக்குக் கூலி தானியம். சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் நான்கு மூட்டை கோதுமையும் ஒன்றரை மூட்டை பார்லியும் அரசாங்கம் படியளந்தது. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆண்டில் அது நின்றது. கருவிகளைக் கீழே வைத்துவிட்டு மொத்தப் பேரும் மூன்றாம் துத்மோஸ் என்ற அரசரின் கோயிலின் பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, அரசருக்கு எழுதுங்கள் என்றார்கள். இத்தாலியின் டூரின் அருங்காட்சியகப் பாப்பிரஸில் இது இருக்கிறது. எழுத்தில் பதிவான வேலைநிறுத்தங்களில் நமக்குத் தெரிந்து இதுவே பழையது. பாக்கி கிடைத்தது, மறுபடி நின்றது, மறுபடி உட்கார்ந்தார்கள்.

இவர்கள் ஓய்வு நேரத்தில் தங்களுக்கும் கல்லறை கட்டிக்கொண்டார்கள், ஊருக்கு மேலே மலைச்சரிவில். 1886இல் திறக்கப்பட்ட செனெட்ஜெமின் கல்லறை அதில் ஒன்று. சின்ன அறை, வளைந்த கூரை, சுவரெல்லாம் நேற்றுப் பூசியது போல மஞ்சள். ஒரு சுவர் நிறைய மறுவுலகம். வெள்ளை உடையில் செனெட்ஜெம் ஏர் ஓட்டுகிறார், மனைவி இயினெபெர்ட்டி பின்னாலேயே விதை தூவுகிறார், ஆளுயரப் பயிர், கீழே காய்த்துத் தொங்கும் பேரீச்சை மரங்கள். அந்த நிலத்தைச் சுற்றி, உள்ளேயும் குறுக்கேயும், அகலமாக நீல வாய்க்கால் ஓடுகிறது.

அந்த ஊரில் கிணறு கிடையாது. குடிக்கிற தண்ணீர் தினமும் கீழே பள்ளத்திலிருந்து கழுதை முதுகில் ஏறி வரும்.