பனியைப் பார்க்காத பிள்ளையிடம் பனியைச் சொல்வது

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

பனி பொழிவதைப் பார்த்தே இராத பிள்ளை, "பனின்னா என்ன?" என்று கேட்டால் நாம் சட்டென்று சொல்வது, "தண்ணீர் உறைந்தால் பனி" என்பதுதான். பிள்ளை ஐஸ்கட்டியை நினைத்துக்கொள்ளும். அப்புறம், "அது தலையில் விழுந்தால் வலிக்காதா?" என்று கேட்கும். நியாயமான கேள்வி. கோளாறு நம் பதிலில் இருக்கிறது.

தண்ணீர் மேல் தண்ணீர் உறைந்து கெட்டியாகி விழுவது ஆலங்கட்டி. பனி பிறக்கிற விதமே வேறு. குளிர்ந்த மேகத்துக்குள் ஒரு தூசியைப் பற்றிக்கொண்டு மிகச் சின்னப் படிகம் ஒன்று உண்டாகிறது. சுற்றியுள்ள நீராவி, தண்ணீராக மாறாமலே, நேராக அதன்மேல் உறைந்து படிகிறது. படிகம் வளர்ந்து, கனம் கூடி, மெதுவாக இறங்குகிறது.

ஆகவே பிள்ளைக்கு ஐஸ்கட்டியைக் காட்டாதீர்கள். ஃப்ரீசரின் உட்சுவரில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதை நகத்தால் சுரண்டச் சொல்லுங்கள். பொலபொலவென்று உதிரும். அதுவும் நீராவி நேராக உறைந்ததுதான். பனிக்கு நெருங்கிய சொந்தம்.

"ஐஸ் கண்ணாடி மாதிரி இருக்கே, பனி மட்டும் ஏன் வெள்ளை?" என்று அடுத்து கேட்பார்கள். தெளிந்த ஐஸ்கட்டி ஒன்றைத் துணியில் சுற்றி நொறுக்கிக் காட்டுங்கள். தூள் வெள்ளையாக இருக்கும். எண்ணற்ற சின்ன முகங்களில் பட்டு ஒளி எல்லாப் பக்கமும் சிதறுவதால் வரும் வெண்மை அது. பனியிலும் அதேதான். புதுப்பனியில் பெரும்பங்கு காற்று. 10 செ.மீ. பனி உருகினால் தோராயமாக 1 செ.மீ. தண்ணீர்தான் தேறும். வலிக்காததற்குக் காரணமும் இங்கேயே கிடைத்துவிட்டது.

படிகத்துக்கு ஏன் ஆறு பக்கம்? வானியலாளர் கெப்ளர் 1611-இல் இதைக் கேட்டு ஒரு சிறு நூலே எழுதினார். முடிவான விடை அவருக்குக் கிடைக்கவில்லை. நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாக அடுக்கிக்கொள்கின்றன என்பது மிகப் பின்னால் தெரியவந்தது. ஜப்பானில் உகிச்சிரோ நகாயா என்ற இயற்பியலாளர் 1936-இல் ஆய்வகத்தில், முயல் முடியின் நுனியில், பனிப்படிகத்தை வளர்த்தே காட்டினார். குளிரும் ஈரமும் மாறினால் வடிவமும் மாறுகிறது: மைனஸ் 5 டிகிரியை ஒட்டி ஊசிகள், மைனஸ் 15-ஐ ஒட்டி கிளைவிட்ட நட்சத்திரங்கள். இந்த முயல் முடிக் கதையைப் பிள்ளைகளிடம் அவசியம் சொல்லுங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். படங்களில் வருகிற அழகான நட்சத்திரத்தை மட்டும் காட்டி நிறுத்திவிடாதீர்கள். விழுகிற பனியில் பெரும்பாலானவை உடைந்தவை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை. அவையும் பனிதான் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, எல்லாம் சொன்ன பிறகு, "உருண்டை பிடிச்சு எறியலாமா?" என்று கேட்பார்கள். எறியலாம். ஆனால் எல்லாப் பனியும் உருண்டைக்கு வராது. உறைநிலையை ஒட்டிய, லேசாக ஈரம் கசியும் பனி கையில் அழுத்தினால் ஒட்டும். கடுங்குளிரில் விழுந்த உலர்பனி எவ்வளவு அழுத்தினாலும் விரலிடுக்கில் உதிர்ந்துவிடும்.