கராம்பு வாசத்துக்குள் மறைந்த மணம்: இரைப்பைக்கும் பெருங்குடலுக்கும் இடையில் விழும் ஓட்டை

[காட்சி: வெற்றிலை வட்டா. இரண்டு கராம்பை எடுக்கும் கை.]

களுவாஞ்சிகுடியில் என்ட பெரியப்பா சாப்பிட்ட கையோடு கராம்பு போட்டுக்கொள்வார். பல்வலி என்றுதான் நினைத்தோம். ஒருநாள் விடியப்புறம் கிணற்றடியில் அவர் சத்தியெடுத்த இடத்தைக் கழுவப்போன பெரியம்மா திகைத்து நின்றுவிட்டார். "இது சோத்து மணம் இல்ல, மலத்து மணம்."

வெட்கத்தில் இரண்டு மாதம் மறைத்திருக்கிறார்.

[காட்சி: வயிற்றின் வரைபடம்.]

இரைப்பைக்கு நேர் கீழே, கொடி கட்டினமாதிரிக் குறுக்கே தொங்குகிறது பெருங்குடலின் நடுப்பகுதி. அங்கே வந்த புற்றுநோய் முற்றினால், சிலவேளை குடற்சுவரைத் தாண்டி வந்து இரைப்பையில் ஒட்டும். ஒட்டின இடம் அரித்து ஓட்டையாகும். இதை வைத்தியர்கள் பிஸ்டுலா என்பார்கள். 1755இல் ஹாலர் என்ற சுவிஸ் வைத்தியர் எழுதிவைத்த காலத்திலிருந்து தெரிந்த விஷயம்தான், ஆனால் மிக அரிது.

மூன்று அறிகுறிகள் சேர்ந்து வரலாம்: மலநாற்றச் சத்தி, விடாத வயிற்றோட்டம், உடம்பு வற்றிப்போதல். மூன்றும் எல்லாருக்கும் வராது. ஏப்பம் மட்டும் நாறுகிறவர்களும் உண்டு.

வயிற்றோட்டம் ஏன்? சாப்பாடு ஓட்டை வழியாகக் கீழே விழுவதால் என்றுதான் நானும் நினைத்தேன். முக்கிய காரணம் வேறு. பெருங்குடலில் கிடக்க வேண்டிய பக்டீரியாக்கள் மேலே ஏறிச் சிறுகுடலில் பெருகிவிடுகின்றன. சிறுகுடல் அழன்று, சத்தை உறிஞ்ச முடியாமல் போகிறது. எவ்வளவு ஊட்டினாலும் ஆள் மெலிவது அதனால்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். இதே மணத்தோடு சத்தி வந்து, வயிறு ஊதி, மலமும் காற்றும் போகாமல் நின்றால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். கிளினிக் நாள் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

[காட்சி: சீ.டி. ஸ்கேன் படம். ஓட்டை வட்டமிடப்படுகிறது.]

சீ.டி. ஸ்கேனிலும், ஆசனவாய் வழியாகப் பேரியம் என்ற, படத்தில் வெள்ளையாகத் தெரிகிற திரவத்தை ஏற்றி எடுக்கிற எக்ஸ்ரேயிலும் பாதை தெரியும். முதலில் உப்பையும் சத்தையும் உடம்பில் ஏற்றுவார்கள். நோய் தூரப் பரவவில்லை என்றால் கட்டி, குடல் துண்டு, இரைப்பையின் ஓட்டை விழுந்த பகுதி எல்லாவற்றையும் ஒன்றாகவே வெட்டி எடுக்க வழியிருக்கிறது. ஓட்டை விழுந்தாலே நோய் உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று அர்த்தமில்லை. பரவியிருந்தால் கீமோவும், உபாதையைக் குறைக்கிற சிகிச்சையும் உண்டு.

கிளினிக்கில் பெரியப்பா "வயித்தோட்டம்" என்று மட்டும்தான் சொன்னார். மணத்தைச் சொன்னது பெரியம்மா. வைத்தியர் ஸ்கேனுக்கு எழுதினது அதற்குப் பிறகுதான்.