முகம் மூடிய குதிரைவீரர்: ரோமானிய முகமூடித் தலைக்கவசங்களின் அமைப்பும் தோற்றமும்

அவைத்தலைவர் அவர்களே, அறிவார்ந்த அவையோரே, வணக்கம்.

ரோமானியக் குதிரைப்படையின் முகமூடித் தலைக்கவசங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அர்ரியனிடமிருந்தே தொடங்குவது வழக்கம். பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் இன்றைய துருக்கியிலுள்ள கப்படோசியா மாகாணத்தின் ஆளுநராக இருந்த அவர், கி.பி. 136ஐ ஒட்டி எழுதிய போர்க்கலை நூலில், குதிரைப்படைப் பயிற்சி விழா ஒன்றை நேரில் கண்டவருக்கே உரிய நுட்பத்தோடு வருணிக்கிறார். பதவியாலோ குதிரையேற்றத் திறத்தாலோ சிறந்தவர்கள், காண்போரின் கண்களைத் தம்பால் ஈர்ப்பதற்காகவே, இரும்பிலோ வெண்கலத்திலோ செய்து பொன்முலாம் பூசிய தலைக்கவசங்களை அணிந்தார்கள் என்கிறார். போர்க்களத்துக் கவசம் தலையையும் கன்னங்களையும் மட்டுமே மூட, இதுவோ முகம் முழுவதோடும் பொருந்திக் கண்களுக்கு மட்டும் வழி விட்டிருந்தது. அதிலிருந்து தொங்கிய மஞ்சள் நிறக் குஞ்சங்கள் அழகுக்கன்றி வேறெதற்கும் அல்ல என்றும் அவரே சொல்லிவிடுகிறார்.

இந்த வருணனை அவ்வளவு தெளிவாக இருந்ததனாலேயே, மண்ணிலிருந்து வெளிப்பட்ட முகமூடிகள் அனைத்தையும் 'விளையாட்டுக் கவசங்கள்' என்ற ஒரே பெயரில் அடக்கும் பழக்கம் வேரூன்றியது. அந்தப் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. அர்ரியன் கண்டது உண்மை. ஆனால் அவர் கண்டது, இக்கவசங்களின் நீண்ட வாழ்வில் ஒரு கட்டத்தை மட்டுமே.

அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முற்பட்ட சான்று ஜெர்மனியில் கால்க்ரீசே என்ற இடத்தில் கிடைத்தது. கி.பி. 9இல் ரோமானியத் தளபதி வாருஸின் மூன்று லெகியன்கள், அதாவது பெரும் காலாட்படைப் பிரிவுகள், ஜெர்மானியரால் அழிந்த போரோடு தொடர்புடையதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதும் களம் அது. அங்கே கிடைத்த இரும்பு முகமூடியின் மேல் ஒரு காலத்தில் வெள்ளித்தகடு போர்த்தியிருந்தது. அதை யாரோ உரித்தெடுத்துவிட, விளிம்பில் மட்டும் அதன் எச்சம் தங்கியிருக்கிறது. படை நகர்ந்துகொண்டிருந்த வழியில், மனிதர்கள் மடிந்த இடத்தில் கிடந்த ஒரு பொருளை விழாவுக்கு மட்டுமே உரியதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிரியாவின் எமெசாவில், அதாவது இன்றைய ஹோம்ஸ் நகரில், 1936இல் ஒரு கல்லறையிலிருந்து எடுக்கப்பட்ட தலைக்கவசம் இன்னும் அழுத்தமாகப் பேசுகிறது. இரும்பின்மேல் வெள்ளி போர்த்திய அதன் மொத்த எடை ஏறத்தாழ 2.2 கிலோ, முகமூடி மட்டுமே ஒரு கிலோவை நெருங்குகிறது. அதன் கண்களைக் கவனியுங்கள். இமைகளுக்கிடையே குறுகிய பிளவு. அதற்குக் கீழே, தரையையும் குதிரையின் கழுத்தையும் பார்ப்பதற்கு உதவும்படி, ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று சிறு துளைகள். அணிபவனின் கண்ணைக் காக்கவும் வேண்டும், அவன் பார்வையை மறைக்கவும் கூடாது என்ற இரு தேவைகளையும் எண்ணிப் பார்த்த கம்மியரின் கை அதில் தெரிகிறது. வெறும் அலங்காரத்துக்கு இவ்வளவு கவலை எதற்கு?

இவ்வடிவம் எங்கிருந்து வந்தது? கிரேக்கப் பண்பாட்டு நகரமான பெர்கமோனில் உள்ள கி.மு. 2ஆம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பத்தில், போரில் கைப்பற்றிய ஆயுதங்களுக்கிடையே முகமூடியோடு கூடிய தலைக்கவசம் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கிரேக்க உலகம் இதை முன்பே அறிந்திருந்தது. ரோமுக்குக் கட்டுப்பட்ட அரசாக இருந்து கி.பி. 46இல் மாகாணமாக்கப்பட்ட த்ரேஸ் நாட்டிலோ (இன்றைய பல்கேரியாவும் அதை ஒட்டிய பகுதிகளும்), விசே, பிலோவ்திவ் ஆகிய இடங்களின் புதைமேடுகளில் உயர்குடியினரோடு இத்தகைய கவசங்கள் புதைக்கப்பட்டிருந்தன. த்ரேசியக் குதிரைவீரர்கள் ரோமானியத் துணைப்படைகளில் பெருமளவில் பணியாற்றியவர்கள். எனவே கிரேக்க வடிவமும் த்ரேசிய வழக்கமும் அந்தத் துணைப்படைகளில் ஒன்றுகலந்தன என்பதே என் முடிவு. பிலோவ்திவ் கவசம் 1995இல் அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்டது என்பதை வேதனையோடுதான் இங்கே குறிப்பிடுகிறேன்.

தொடக்கக் கால முகமூடிகள் பல, நெற்றியின் நடுவே அமைந்த ஒரு கீலில் தொங்கி, கீழே தோல்வாரால் இறுக்கப்பட்டன. வேண்டும்போது முகத்தட்டை மேலே தூக்கிவிடலாம். பிற்காலத்தில் கண், மூக்கு, வாய் சேர்ந்த நடுப்பகுதியை மட்டும் தனியே கழற்றும்படி மூன்று துண்டுகளாகச் செய்த கவசங்களும் தோன்றின. ஜெர்மனியின் பிஃரோன்டார்ஃப் கவசம் அவ்வகையைச் சேர்ந்தது. முகங்களும் பெருகின: 1950இல் ஸ்ட்ராவ்பிங்கில் கிடைத்த புதையலில் அலையலையான தலைமுடி கொண்ட கிரேக்க முகங்களும், சுருள்முடி கூம்பாக உயர்ந்த கீழைத்தேய முகங்களும் இருக்கின்றன. வேறிடங்களில் பெண் முகங்களும் கிடைத்திருப்பதால், விழாவில் வீரர்கள் இரு அணியாகப் பிரிந்து, கிரேக்கரும், கிரேக்கப் புராணங்களின் பெண் போர்வீரர்களான அமேசான்களும் பொருதுவதுபோல் நடித்தார்கள் என்ற கருத்து பிறந்தது. அழகான கருத்துத்தான், ஆனால் அர்ரியன் அப்படி எதையும் சொல்லவில்லை.

இவற்றுள் என்னை மிகவும் ஈர்த்தது இங்கிலாந்தின் ரிப்செஸ்டர் தலைக்கவசம். 1796இல், மரக்காலணி செய்யும் ஒருவரின் மகன் விளையாடிக்கொண்டிருந்தபோது அது வெளிப்பட்டது. 1814இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. மண்டைப் பகுதியில் குதிரைவீரர்களும் காலாட்களும் மோதும் காட்சி உள்ளிருந்து தட்டி எழுப்பப்பட்டிருக்க, அதன் கீழே மீசையும் தாடியும் இல்லாத, உணர்ச்சி காட்டாத ஓர் இளமுகம் அமைந்திருக்கிறது. அது எந்தத் தனிமனிதனுடைய உருவமும் அன்று. ஆனால் அந்த வெண்கலத்தில் புள்ளி புள்ளியாகக் குத்திப் பொறித்த ஒரு சொல் உண்டு: 'காரவி'. காரவஸ் என்பவனுக்கு உரியது என்று பொருள்.