அம்மி நகரட்டும், ஒத்திகைக்கு ஒரு கூடம் வரட்டும்

(தருமபுரியில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட அண்ணன் அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் கூத்துக் கலைஞர்களே, ஓசூரில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைமையாசிரியர் ஐயாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எட்டாம் வகுப்பில் கணக்கு வராமல் நான் விழித்தபோதெல்லாம் பிரம்பால் மேஜையைத் தட்டி, ‘அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பார். மேஜையைத்தான் தட்டினார், எங்களை ஒரு நாளும் அடித்ததில்லை. இன்றைக்கு நான் பேசப் போவதெல்லாம் அவர் அன்று தட்டிய அந்தத் தட்டிலிருந்து வந்ததுதான்.

மூன்று விஷயம் குறித்து வந்திருக்கிறேன். ஹெவி மெட்டல் என்கிற கனத்த, சத்தமான ராக் இசையை வாசிப்பதில் வித்தை இருக்கிறதா என்பது ஒன்று. ஆன்வில் என்ற மெட்டல் குழுவைப் பற்றிப் போன மாதம் இதே மண்டபத்தில் நாம் பார்த்த ஆவணப்படம் இரண்டு. பாட்டுக் கம்பெனிகள் கலைஞர்களை நடத்தும் விதம் மூன்று.

படம் முடிந்த அன்று வாசலில் நடந்த வாக்குவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். ‘இது வெறும் இரைச்சல்’ என்றார் ஒருவர். ‘வேகமாக வாசித்துவிட்டால் அது வித்தையா’ என்றார் இன்னொருவர். தமிழாசிரியர் நண்பர் கேட்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ‘அவ்வளவு வித்தை இருந்தால் முப்பது வருஷமாக ஏன் தேறவில்லை?’

இரைச்சல் என்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்த இசை பிறந்ததே இரும்புப் பட்டறையில்தான். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1965இல் டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் தகடு வெட்டும் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை மெஷினுக்குக் கொடுத்துவிட்டான். கிடார் போச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மறுபடி வாசித்தான். பின்னாளில் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கியதில் அந்த இசைக்குக் கனமான குரல் வந்தது. 1970இல் அவன் கிடார் வாசித்த பிளாக் சாபத் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. நம் தவில்காரர் விரலில் மாட்டும் கூட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த விரல் தொப்பி அந்நியமாகத் தெரியாது. ஓசூரில் பிரஸ் ஷாப்பில் நிற்கும் தம்பிகளுக்கோ விளக்கமே தேவையில்லை.

வேகம் வித்தையா என்ற கேள்விக்கு நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகனும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு மெட்டல் குழு ஆரம்பித்தார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய டிரம் செட் ஒன்றைக் குட்டியானையில் ஏற்றி வந்தார்கள். இறக்க இடம் இல்லை. பாலக்கோடு பக்கம் எங்கள் சித்தப்பா காட்டில் பட்டுப்புழு மனை இருக்கிறது. ஒரு தடவை கூடு எடுத்து மார்க்கெட்டுக்குப் போட்டதும் மனையைக் கழுவி, மருந்தடித்து, சில நாள் சும்மா விடுவார்கள். அந்த முறை மனசு இரங்கி அவர் இரண்டு மாசம் புழு வைக்காமல் விட்டார். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்துத்தான் ஒத்திகை. மாடு மிரண்டு பால் குறைந்துவிட்டது என்று பக்கத்துக் காட்டுக்காரர் ஒருநாள் சண்டைக்கு வந்தார். கூடவே ஒரு பெரியவரும் வந்தார். தோளில் துண்டு, காதில் கடுக்கன். நாற்பது வருஷம் கோயில்களில் பம்பை அடித்தவர்.

அவர் சண்டை போடவில்லை. கை காட்டி மற்றவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, டிரம் பையனை மட்டும் அடிக்கச் சொன்னார். அப்புறம் தரையில் குந்தி, அவன் கால்களையே பார்த்தார். பெரிய டிரம்முக்கு இரண்டு மிதி, இரண்டு காலாலும் மாறி மாறி மிதிக்க வேண்டும். குதிரை ஓடுவது போல ஓடுகிறது சத்தம். ‘பாட்டு எனக்குப் புரியலை தம்பி, ஆனா காலு நல்லா ஓடுது’ என்றார். உடனே, ‘இதையே பாதி வேகத்துல அடி பாப்போம்’ என்றார். பையன் அடித்தான். இடது கால் ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை பிந்தியது. எனக்கே கேட்டது. ‘வேகமா போறப்ப தப்பு ஒளிஞ்சுக்கும். மெதுவா வந்தா மாட்டிக்கும்’ என்று சொல்லிவிட்டு, மறுநாள் பம்பையோடு வந்தார். ஆறு வாரம் அந்தப் பையனுக்கு மெதுவாக அடிப்பது மட்டும்தான் வேலை. பம்பையின் இரண்டு முழவும் ஒரு பக்கம், இரண்டு கால் மிதியும் ஒரு பக்கம். ஆறாவது வாரம் கண்ணை மூடிக் கேட்டேன். எது இடது கால், எது வலது கால் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும், ஐயா.

அப்புறம் சித்தப்பா புழு வைத்தாக வேண்டிய நாள் வந்தது. டிரம் தெருவுக்கு வந்தது. ஓர் இடத்தில் கூடம் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டு, சாமானை இறக்கும் நேரத்தில் முடியாது என்று கதவைச் சாத்தினார்கள். தூறலில் நனைந்த டிரம்மை நாலு பேரும் சட்டையைக் கழற்றித் துடைத்ததை நான் பார்த்தேன். அன்றிலிருந்து ஒத்திகை இல்லை.

இந்த மனநிலையில்தான் நான் ஆன்வில் படத்தைப் பார்த்தேன். ஆன்வில் என்றால் கொல்லன் பட்டறையில் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல். கனடாவின் டொரண்டோ நகரத்துக்காரர்கள். பாடகர் லிப்ஸ் என்கிற ஸ்டீவ் குட்லோவும் டிரம்மர் ராப் ரைனரும் பையன்களாக இருந்த காலத்திலிருந்தே கூட்டாளிகள். 1984இல் ஜப்பானில் ஸ்கார்பியன்ஸ், பான் ஜோவி போன்ற ராக் குழுக்கள் வாசித்த அதே விழா மேடையில் வாசித்தவர்கள். மற்றவர்கள் கோடிகளுக்குப் போனார்கள். லிப்ஸ் பள்ளிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய் இறக்கும் வேலைக்குப் போனார். மெட்டாலிகா என்ற புகழ்பெற்ற மெட்டல் குழுவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக்கும் கிடார்காரர் ஸ்லாஷும் அந்தப் படத்தில் வந்து இவர்களைப் புகழ்கிறார்கள். ஆக, வித்தை இல்லை என்று சொல்ல வழியில்லை. படம் எடுத்த சாஷா ஜெர்வாசி, பையனாக இருந்தபோது இவர்களுடைய சாமான் தூக்கிப் பயணம் போனவர்.

ருமேனியாவில் பத்தாயிரம் பேர் கொள்ளும் அரங்கில் 174 பேர் வருகிறார்கள். பிராக் நகரில் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால் காசு தர மறுக்கிறார்கள். பதின்மூன்றாவது ஆல்பத்துக்கு லிப்ஸின் அக்கா கடன் கொடுக்கிறார். கடைசியில் மறுபடி ஜப்பான். காலை 11:35க்கு வாசிக்கச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் யார் வருவார்கள் என்று பயந்துகொண்டே மேடை ஏறினால், கூட்டம் நிரம்பி நிற்கிறது. அந்த இடத்தில் இந்த மண்டபத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தோம்.

தமிழாசிரியர் நண்பருக்கு என் பதில் இதுதான். வித்தை வேறு, வாசல் திறப்பது வேறு. அன்று தகடூர் என்று பெயர் கொண்ட இதே ஊரில் அதியமான் வாசலில் ஔவை காத்துக் கிடந்தாள். பரிசில் தாமதமானதும் வாயிலோனைக் கூப்பிட்டு, யாழைத் தோளில் ஏற்றியாச்சு, மூட்டை கட்டியாச்சு, எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே என்று பாடினாள். ஔவைக்கே வாசல் அடைத்திருந்த ஊர் இது. வித்தை போதாததால் அவள் நிற்கவில்லை.

பாட்டுக் கம்பெனிகளைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். இப்போது எனக்குக் கூடம்தான் முக்கியம். தருமபுரியில் ஒத்திகைக்கென்று நகராட்சி ஒரு கூடம் கட்டித் தர வேண்டும். சத்தம் வெளியே போகாத சுவர், மின்சாரம், தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, சாமான் வைக்க. காலையில் பம்பையும் தவிலும், மதியம் கூத்து, ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் பையன்களுக்குக் கிடார். கட்டணம் ஒரு டீ, ஒரு பன் விலைக்கு மேல் போகக் கூடாது. நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, இது உங்களால் முடியும் என்று நம்பித்தான் உங்களை முன்வரிசையில் உட்காரவைத்தோம். ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்தோம், பதில் வரவில்லை. இது மூன்றாவது. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று ஐயா எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார், நான்காவதும் எழுதுவோம்.

மனு வாசல் மேஜையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். பெரியவர் பம்பையோடு வந்திருக்கிறார், என் அக்கா மகன் பின்னால் டிரம்மை முடுக்கிக்கொண்டிருக்கிறான். முதல் உருப்படி பாதி வேகத்தில்.