கடைசிப் பந்திக்கு வருகிறவர்கள்

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கிற அம்மாமார் பலரின் பின்வளவை நான் பார்த்திருக்கிறேன். கத்தரி, பயற்றை, பாகல், தொட்டியில் ஒரு முருங்கை. குளிர் தொடங்கியதும் முருங்கையை வீட்டுக்குள் தூக்கி வைப்பீர்கள். அதே சனிக்கிழமை மிச்சம் எல்லாவற்றையும் பிடுங்கி, சருகைக் கூட்டி, கடதாசிப் பையில் கட்டித் தெருவோரம் வைப்பீர்கள். வளவு துப்புரவாகிவிடும். பதினைந்து வருடம் நானும் அதைத்தான் செய்தேன். அதை இனிச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

கலியாண வீட்டில் கடைசிப் பந்தியில் இருந்து சாப்பிட்டிருக்கிறீர்களா? வடை முடிந்திருக்கும், பாயசம் அடிச்சட்டியில் இருக்கும், பரிமாறுகிறவர் முகத்தில் களைப்பு தெரியும். கனடாவில், ரொறன்ரோவின் இந்த ஸ்காபரோவில் செப்டெம்பர், ஒக்டோபரில் பறக்கிற பூச்சிகளுக்கு நாம் போடுகிற சாப்பாடு அப்படித்தான். யூனில் தெரு முழுக்கப் பூ. செப்டெம்பரில் வெறும் இலை. ஆனால் பசி அதிகம் இந்தக் கடைசிப் பந்திக்காரருக்குத்தான்.

முதலில் பம்பிள்பீயைப் பார்ப்போம். குண்டுத் தேனீ என்றே சொல்கிறேன். உங்கள் கத்தரிப் பூவையும் தக்காளிப் பூவையும் கவனித்துப் பாருங்கள். மகரந்தம் உப்புப் போத்தலுக்குள் இருப்பதுபோல அடைந்திருக்கும், நுனியில்தான் வாய். உலுக்கினால்தான் நன்றாகக் கொட்டும். குண்டுத் தேனீ பூவைக் கவ்விக்கொண்டு நெஞ்சுத் தசையை அதிரவைக்கும். காலையில் கத்தரிப் பாத்திக்குப் போனால் அந்த 'உர்ர்ர்' சத்தம் கேட்கும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை தெரியாது. அது இந்த மண்ணுக்குரியதும் அல்ல. 1622இல் ஐரோப்பியர் வேர்ஜினியாவுக்குக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. ரொறன்ரோவில் மட்டும் 360க்கும் மேற்பட்ட காட்டுத் தேனீ இனங்கள் இருக்கின்றன. உலோகப் பச்சை நிறத்தில் மினுங்குகிற ஒரு சின்னத் தேனீயைத்தான் நகரம் தன் அடையாளத் தேனீயாக வைத்திருக்கிறது.

சரி, குண்டுத் தேனீயின் வருடம் எப்படி முடிகிறது? பழைய ராணி, வேலைக்காரிகள், ஆண்கள் எல்லோரும் குளிருக்குள் செத்துவிடுவார்கள். மிஞ்சுவது அந்த வருடம் பிறந்த புது ராணிகள் மட்டும். இலையுதிர்காலத்தில் சோடி சேர்ந்து, கிடைத்த தேனைக் குடித்து உடம்பில் கொழுப்பேற்றி, மண்ணுக்குள்ளோ சருகுக்கு அடியிலோ போய்ப் படுத்துவிடும். ஆறேழு மாதத்துக்குச் சாப்பாடு கிடையாது. கொழுப்புப் போதாவிட்டால் வசந்தத்தில் எழும்பாது. எழும்பினால் தன்னந்தனியாகப் புதுக் குடும்பம் தொடங்கும். அதாவது அடுத்த வருடக் கத்தரிக்காய், இந்த ஒக்டோபரில் அந்த ஒற்றை ராணி என்ன குடித்தது என்பதில் இருக்கிறது. சருகைக் கட்டித் தெருவில் வைக்கும்போது சில வேளை அதையும் சேர்த்தே கட்டிவிடுகிறோம்.

முதுகில் துருநிறத் திட்டு வைத்த ஒரு குண்டுத் தேனீ தென் ஒன்ராறியோவில் முன்பு சர்வசாதாரணம். கனடாவில் அதைக் கடைசியாகக் கண்டது 2009இல், ஹியூரன் ஏரிக்கரையில் பைனரி பூங்காவில். நோய், மருந்தடிப்பு, பூ இல்லாமை என்று காரணங்கள் பல. நம் கைக்கு எட்டுவது பூ.

அடுத்த விருந்தாளி மொனார்க் வண்ணத்துப்பூச்சி. இது நமக்கு அந்நியமில்லை. ஊரில் எருக்கிலையில் புழுவாய்க் கிடந்து, செம்மஞ்சளாய்ப் பறக்குமே ஒன்று, அதன் நெருங்கிய சொந்தம். மொனார்க் புழு தின்னும் மில்க்வீட்டும் எருக்கின் குடும்பம்தான், கிள்ளினால் பால் வடியும். செப்டெம்பரில் இங்கிருந்து புறப்படுவது ஏறத்தாழ 4000 கிலோமீற்றர் தள்ளி, மெக்சிக்கோ மலைக்காட்டுக்குப் போகும். நிறை அரைக் கிராம்.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கப் பாடுபட்டவர் நம் ஸ்காபரோப் பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பித்த ஃபிரெட் ஏர்க்கட். அவரும் மனைவி நோராவும் பல்லாண்டுகளாக இறகில் சின்னக் கடதாசி ஒட்டிப் பறக்கவிட்டார்கள். நூற்றுக்கணக்கான தொண்டர்கள் உதவினார்கள். 1975 ஜனவரியில் அவர்களுக்காகத் தேடிய கென் பிரக்கரும் கத்தலீனா அகுவாடோவும் மலைமேல் மரம் தெரியாமல் அப்பிக் கிடந்த கோடிக்கணக்கான பூச்சிகளைக் கண்டார்கள். அடுத்த வருடம் ஏர்க்கட் மூச்சு வாங்க மேலே ஏறிப்போனார். அங்கே அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கடதாசி ஒட்டிய ஒன்றே அவர் கண்ணில் பட்டது! வழியெல்லாம் தேன் குடித்துச் சேர்த்த கொழுப்பில்தான் அவை மார்ச் வரை அந்தக் குளிரைத் தாக்குப்பிடிக்கின்றன. மொனார்க்குக்காக மில்க்வீட் நட்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள், நல்லது. ஆனால் அது பிள்ளைக்குச் சாப்பாடு. பயணம் போகிற பெரியவருக்கு இப்போது வேண்டியது தேன்.

அந்தத் தேன் எதில்? இரண்டு பெயரை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கோல்டன்றொட், அஸ்டர். நெடுஞ்சாலை ஓரத்தில் இப்போது மஞ்சளாயும் ஊதாவாயும் சேர்ந்து பூத்திருப்பவை இவைதான். சில காட்டுத் தேனீக்கள் இந்த இரண்டின் மகரந்தத்தை நம்பியே பிள்ளை வளர்க்கின்றன.

கோல்டன்றொட் ஒரு அநியாயப் பழியைச் சுமக்கிறது. என் மாமிக்கு ஓகஸ்ட் வந்தால் ஓயாத தும்மல். வேலியோரம் பூத்த கோல்டன்றொட்டைக் காட்டி, "தம்பி, உதுதான் காரணம், பிடுங்கும்" என்றார். பிடுங்கினேன். மாமி தும்முவதை நிறுத்தவில்லை. கோல்டன்றொட் மகரந்தம் பாரமானது, ஒட்டுவது. பூச்சி சுமந்தால்தான் நகரும். தும்மலுக்குக் காரணம் அதே நாளில் பூக்கும் றாக்வீட். அதன் பூ பச்சையாய், யார் கண்ணிலும் படாமல் இருந்துகொண்டு மகரந்தத்தைக் காற்றில் விடுகிறது. ஆடம்பரமாகப் பூத்தவள் மாட்டிக்கொண்டாள்.

இன்னொரு தவறையும் ஒத்துக்கொள்கிறேன். பிறகு குற்றவுணர்வில் வயலோரத்துக் கனடா கோல்டன்றொட்டையே கொண்டுவந்து நட்டேன். அது நிலத்தடியில் வேரோடி மூன்றாம் வீட்டுப் புற்றரையில் தலை காட்டியது. ஐரோப்பாவிலும் சீனாவிலும் அதைத் தொல்லைச் செடி என்று ஒழிக்கப் பாடுபடுகிறார்கள். சின்ன வளவுக்கு அது வேண்டாம். நிழலுக்கு ஸிக்ஸாக் கோல்டன்றொட், வெயிலுக்கு ஷோவி கோல்டன்றொட் கேட்டு வாங்குங்கள். நியூ இங்கிலாந்து அஸ்டர் ஆளுயரம் வளர்ந்து சாயும். யூனில் பாதியாய் நறுக்கிவிட்டால் புதராய் நிற்கும். அதன் பூவின் மஞ்சள் நடு, வயதானதும் செந்நிறமாகும்.

பூசணிக்காயோடு கடை வாசலில் அடுக்குகிற செவ்வந்தித் தொட்டிகளைப் பற்றியும் கேட்பீர்கள். சாமிக்கு வையுங்கள், அழகுதான். ஆனால் இதழுக்கு மேல் இதழாய் அடைத்து வளர்த்த பூ அது. தேனீக்கு நுழைய வழியும் இல்லை, உள்ளே பெரிதாய் ஒன்றும் இல்லை.

ஈரமான மூலை இருக்கிறவர்களுக்கு என் ஆசைச் செடி ஒன்று, பொட்டில் ஜென்ஷன். நீலப் பூ, விரியவே விரியாது, மொட்டாகவே நிற்கும். குண்டுத் தேனீ மட்டும் வந்து இதழ்நுனியை வலிந்து பிரித்துத் தலைகீழாய் உள்ளே இறங்கும். பின்பக்கம் மட்டும் வெளியே தெரியும். அதைப் பார்க்கக் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டில் ஏசுவார்கள்.

கன்று நட இன்னும் மூன்று நான்கு கிழமை இருக்கிறது. பூத்து முடிந்த தண்டை வெட்டாதீர்கள். வசந்தத்தில் முழங்கால் உயரம் விட்டு வெட்டினால் அந்தக் குழலுக்குள் சில தேனீக்கள் குடியேறும். சருகைப் புற்றரையிலிருந்து கூட்டிச் செடிகளின் அடியில் தள்ளிவிட்டால் போதும்.

கதவருகே மேசையில் கடித உறைகள் இருக்கின்றன, என் வளவில் போன வருடம் சேர்த்த அஸ்டர் விதை. வீட்டுக்கு ஒன்று எடுங்கள். பயற்றை மாதிரி ஏப்ரலில் போடாதீர்கள், இது பனிக்குள் கிடந்தால்தான் முளைக்கும். நவம்பரில் மண்ணை லேசாய்க் கீறித் தூவுங்கள், ஆழப் புதைக்க வேண்டாம். முதல் வருடம் பெரும்பாலும் இலைதான் வரும். களையென்று பிடுங்கிவிடாமல் பக்கத்தில் ஒரு குச்சி குத்தி வையுங்கள். முருங்கை ஏன் காய்க்கவில்லை என்ற கேள்வியைத் தேநீருக்குப் பிறகு கேளுங்கள்.